வாசம் கேட்டாங்க

12.8.2024, திங்கள்

காலை ஒன்பது மணிக்குப் பயிற்சி வகுப்பு. கரப்பான் பூச்சியைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறான் நவநீதகிருஷ்ணன். வயது இருபத்தொன்பது, எம்.பி.ஏ. எங்கள் பூச்சிமருந்துக் கம்பெனியின் சேலம் கிளைக்கு மேலாளராக வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஏதோ சோப்புக் கம்பெனியில் இருந்தானாம். திரையில் ஒரு கரப்பான் படம், அதைச் சுற்றி அம்புக்குறிகள், ஆங்கிலத்தில் பத்து வரி. பதினோரு வருஷமாக இந்த ஊர்க் கரப்பான்களோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

பாதி வகுப்பில் நிஜக் கரப்பான் ஒன்று மேசைக்கு அடியிலிருந்து கிளம்பி அவன் சட்டைக் கையில் ஏறியது. மேலாளர் நாற்காலி மேல் ஏறி நின்றார். நான் எழுந்து போய் அதைக் கையால் பிடித்து வெளியே போட்டுவிட்டு வந்தேன்.

"தேங்க்ஸ் அண்ணா" என்றான். அத்தோடு விட்டிருக்கலாம். "இதைத்தான் பெஸ்ட் பிரஷர்னு, பூச்சி நெருக்கடின்னு சொல்றோம்" என்று பாடத்தைத் தொடர்ந்தான்.

14.8.2024, புதன்

அரையாண்டு மதிப்பீடு வந்தது. வேலைத் திறன், ஐந்துக்கு ஐந்து. நேரம் தவறாமை, ஐந்துக்கு ஐந்து. 'வாடிக்கையாளரிடம் புன்னகை', ஐந்துக்கு ஒன்று. சூப்பர்வைசர் பட்டியலில் இந்த முறையும் என் பெயர் இல்லை.

சிரிக்க வேண்டுமாம். எதைப் பார்த்து?

17.8.2024, சனி

பேர்லேண்ட்ஸில் ஒரு வீடு. சிவக்குமார் என்று போர்வெல் ரிக் வண்டி முதலாளி. திருச்செங்கோட்டுக்காரர், இங்கே மகள் படிப்புக்காக வீடு வாங்கிப் போட்டிருக்கிறார். சமையல் மேடை முழுக்க இத்தாலிக் கல். சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தேன், அங்கே ஒரு தனி ஊராட்சியே நடக்கிறது. அவர் சம்சாரம் இரண்டடி தள்ளி நின்று போனில் யாரிடமோ சொல்கிறார்: "மருந்தடிக்கிற ஆளு வந்திருக்கான், பொறவு கூப்பிடறேன்."

ஆளு. வந்திருக்கான். எனக்கு நாற்பத்திரண்டு வயது.

கிளம்பும்போது சிவக்குமார் கேட் வரை வந்தார். "ஏனுங்க, கம்பெனி கிம்பெனின்னு இல்லாம நீங்களே தனியா வந்து பண்ணித் தர மாட்டீங்களா? திருச்செங்கோட்டு ஊட்டுக்கு வேணும்."

பத்துக்கு எட்டு வீட்டில் இதைக் கேட்பார்கள். பதினோரு வருஷமாக 'முடியாதுங்க' என்று சொல்லி வந்திருக்கிறேன். இன்று, "ஞாயித்துக்கெழமை வாரேங்க" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நிமிர்ந்து நடந்தேன்.

வேலையை விடப் போவதில்லை. சம்பளமும் பி.எஃப்பும் இங்கே இருக்கட்டும். மாட்டினால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான், தெரியும். இந்த வருஷம் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். இரண்டு பேருமே மடையர்கள், கம்பெனி மருந்தையே திருடி அடித்தார்கள். நான் செவ்வாய்ப்பேட்டையில் சொந்தக் காசில் வாங்குவேன். ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தொழில் நின்றதும் அந்தப் பையன் மேசையில் ராஜினாமாவைப் போடுவேன். அப்போது வேண்டுமானால் சிரிக்கிறேன்.

18.8.2024, ஞாயிறு

திருச்செங்கோடு. முதல் சொந்த வேலை. மூலை முடுக்கெல்லாம் ஜெல் வைத்து, ஓரங்களில் மணமில்லாத நல்ல மருந்தாக அடித்துவிட்டு வேர்வையோடு வெளியே வருகிறேன். சிவக்குமார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க, வாசமே வல்லீங்களே. தண்ணி அடிச்சீங்களா?"

"நான் குடிக்கறதில்லீங்க."

"அட, ஊட்டுக்குங்க! ஊட்டுக்குத் தண்ணி அடிச்சீங்களான்னு கேட்டேன்."

ஆயிரம் அடி ஆழத்துக்குக் குழாயைப் பூமிக்குள் இறக்கித் தண்ணீர் பார்க்கிற மனுஷன். மருந்துக்கு மட்டும் மூக்குதான் ஆதாரம். வாசமில்லாத மருந்துக்குத்தான் விலை அதிகம், குழந்தைகளுக்கும் நல்லது என்று பத்து நிமிஷம் சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பவில்லை.

19.8.2024, திங்கள்

போன் நம்பர் யாருடையது போடுவது என்று ஒரே குழப்பம். என் நம்பர் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். அன்புச்செல்வியின் நம்பரைப் போடலாம் என்றேன். "எம் நம்பருன்னா எம் பேரையும் போடுங்க" என்றாள் என் சம்சாரம். ஆக, 'அன்பு பெஸ்ட் கன்ட்ரோல்'. பூச்சிகளை அன்பாகக் கொல்கிறோம்.

போன் எடுக்கத்தானே போகிறாள். எடுக்கட்டும்.

25.8.2024, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். ஜனத்துக்கு என்ன வேண்டுமோ அதைக் கொடுப்பது.

அந்துருண்டையைப் பொடித்து மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு ஒரு சின்ன பாட்டிலில் வைத்திருக்கிறேன். டேங்க்குக்கு ஒரு மூடி. பூச்சிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அது மனுஷனுக்கான மருந்து. இன்று ராசிபுரத்தில் இரண்டு வீடு. இரண்டு வீட்டிலும் கண்ணில் தண்ணீர் வர, இருமிக்கொண்டே, "இதானுங்க மருந்து!" என்று சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தர் மோர் கொடுத்தார்.

இந்த ஜனத்துக்கு மூளை மூக்கில் இருக்கிறது.

8.9.2024, ஞாயிறு

அன்புச்செல்வி ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். மகள் நித்யஸ்ரீயின் பழைய ஒன்பதாம் வகுப்பு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள். கூப்பிடுகிறவர் பெயர், ஊர், வீட்டில் கைக்குழந்தை உண்டா, யாருக்காவது வீசிங் உண்டா, பூனை உண்டா, எல்லாம் எழுதுகிறாள். கரப்பான் அடிக்கப் போகிற இடத்தில் பூனை ஜாதகம் எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டுமுங்க" என்றாள்.

பாட்டிலையும் பார்த்துவிட்டாள். "இதென்னுங்க, இந்த நாத்தம் நாறுது?"

"டேங்க் கழுவறது."

நம்பிவிட்டாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அந்தப் படிப்பால் இந்த வீட்டில் ரசம்கூட ஒரு நாளும் ருசி கூடியதில்லை. இப்போது அதை வைத்து லைசென்ஸ் எடுக்கலாமே என்கிறாள். அறிவியல் பட்டம் இருக்கிறவர்கள் பயிற்சிக்குப் போய்விட்டு வேளாண்மைத் துறையில் எழுதிப் போட வேண்டுமாம். எனக்கு ப்ளஸ் டூ. பட்டத்தை வைத்துக்கொண்டு பூச்சியிடம் காட்டுவாளா? பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

17.9.2024, செவ்வாய்

இன்று நடந்ததை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேதான் எழுத வேண்டும்.

ஒரு பழைய வாடிக்கையாளர் கம்பெனிக்குப் போன் செய்து கத்தியிருக்கிறார். உங்கள் மருந்தில் வாசமே இல்லை, எங்கள் மச்சான் வீட்டுக்குத் தனியாக ஒருத்தர் வந்து அடித்தார், தெருவே நாறுகிறது, அது மருந்து! நவநீதகிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். போச்சு என்று நினைத்தேன்.

"அண்ணா, ஏரியால ஒரு டூப்ளிகேட் ஆள் சுத்திட்டிருக்கான். நீங்கதான் சீனியர். யாருன்னு கண்டுபிடிச்சு வாரா வாரம் எனக்கு ஒரு ரிப்போர்ட் கொடுங்க."

என்னைக் கண்டுபிடிக்க என்னையே போட்டிருக்கிறான். எம்.பி.ஏ.வுக்கு எவ்வளவு கட்டினார்களோ இவன் வீட்டில்.

25.9.2024, புதன்

முதல் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி நபர் நல்ல அனுபவசாலி எனத் தெரிகிறது. மருந்தின் அளவில் துல்லியமானவர். வாடிக்கையாளர்கள் மத்தியில் மரியாதை உள்ளது. பிடிப்பது எளிதல்ல.' எழுத எழுத ருசியாக இருந்தது. பதினோரு வருஷத்தில் இந்த ஆபீசில் என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதப்பட்டது இதுதான் முதல் முறை.

3.10.2024, வியாழன்

இரண்டாவது ரிப்போர்ட். 'நம் பணியாளர்களைவிடத் திறமைசாலி.' நவநீதகிருஷ்ணன் ஒரு புது ஆளைத் தொழில் கற்றுக்கொள்ள என்னோடு அனுப்பியிருக்கிறான்.

9.10.2024, புதன்

கம்பெனி சார்பாக நாமகிரிப்பேட்டையில் விலை மதிப்பீடு. சௌந்திரம் என்று ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. எட்டு ஏக்கரையும் ஒண்டியாக நின்று பார்க்கிறார். குடோனில் முப்பத்தெட்டு மூட்டை மஞ்சள், விலை ஏறட்டும் என்று வைத்திருக்கிறார். வண்டு வந்திருக்கிறது. மூட்டைகளை வெளியே எடுத்துவிட்டு சுவருக்கும் தரைக்கும் மருந்தடித்தால் போதும், அரை நாள் வேலை.

கம்பெனி விலையைச் சொன்னேன். முகம் சுருங்கியது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அன்புச்செல்வி நம்பரைக் கொடுத்தேன். "ஆபீஸ்ல ஒரு பொண்ணு எடுக்குமுங்க. அதுகிட்டச் சொல்லிருங்க, ஞாயித்துக்கெழமை நானே வாரேன்."

பேசும்போதே ஒரு மஞ்சளை எடுத்து ஒடித்து முகர்ந்துகொண்டே இருக்கிறார். இந்த ஊரில் எல்லாருக்கும் இந்தப் பழக்கம். பேச்சுக்கு நடுவே ஒடிப்பது, முகர்வது.

19.10.2024, சனி

அன்புச்செல்வியும் நித்யஸ்ரீயும் ராசிபுரத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நாளைக்கு நாமகிரிப்பேட்டை வேலை. நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

'சௌந்திரம் அம்மா. மஞ்சள் குடோன், 38 மூட்டை. ஞாயிறு காலை 7. கிழக்குச் சுவர் ஓதம். வாசம் கேட்டாங்க.'

கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு வேறு.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். எட்டு ஏக்கர் ஆளுகிறவர், பார்வையே ஆளை எடை போடுகிறது, அவருக்கும் அதே மூக்குதானா. இரண்டு கோடு என்றால் இரண்டு மூடி ஊற்றிவிட வேண்டியதுதான்.

20.10.2024, ஞாயிறு

வேலை முடிந்தது. அந்த அம்மாள் கல்யாணத்துக்குப் போயிருந்தார். வேலையாட்கள்தான் மூட்டையை வெளியே எடுத்துக் கொடுத்தார்கள், மதியம் தரை காய்ந்ததும் திரும்ப அடுக்கினார்கள். ஒருத்தன் வாந்தி வருவது போல வாயைப் பொத்திக்கொண்டு ஓடினான். இரண்டு மூடி என்றால் சும்மாவா.

22.10.2024, செவ்வாய்

சாயங்காலம் ஆறு மணிக்கு சௌந்திரம் அம்மாள் போன். அன்புச்செல்வி அடுப்படியில் இருந்ததால் அவள் போனை நான்தான் எடுத்தேன்.

இன்று அங்கே ஏலம். அவசரத்துக்குப் பத்து மூட்டை கொண்டு போயிருக்கிறார். வியாபாரி ஒரு மஞ்சளை ஒடித்து முகர்ந்து பார்த்தானாம். "ஏனுங்கக்கா, மஞ்சளை பீரோவுல துணிக்கடியில வெச்சிருந்தீங்களா? அந்துருண்டை வாசம் வருது" என்று கேட்டானாம். அங்கிருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்திருக்கிறார்கள். பத்து மூட்டையும் திரும்பி வந்துவிட்டது. குடோனில் இருக்கிறதும் அப்படியேதான் நாறுகிறதாம்.

"வாசம் வருமுங்களான்னு அந்தப் பொண்ணுகிட்ட ஒருக்கா இல்லீங்க, மூணு தடவ கேட்டேன். மஞ்சள் இருக்குது, வாசம் வந்தா ஆகாதுன்னு கேட்டேன். வரவே வராதுங்கம்மான்னு சொன்னா. அத்தன பொய்யி! ஆருங்க அவ?"

வாசம் கேட்டாங்க.

கேட்டது அதுவா. வருமா என்று கேட்டது. வரக் கூடாது என்று கேட்டது. நான் என்னவென்று படித்தேன்?

இனி எழுதப் போவதுதான் எழுத வேண்டியது. நான் சொன்னேன் — "அந்தப் பொண்ணு புதுசுங்கம்மா. போன்ல என்னத்தையோ ஒளறி, நோட்லயும் தப்பா எழுதி வெச்சிருச்சுங்க."

அடுப்படியில் தோசை திருப்புகிற சத்தம் நின்றது.

போனை வைத்த பிறகு அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். பாட்டிலை எடுத்துத் திறந்து முகர்ந்தாள். மூடினாள். நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"கேட்டாங்கன்னுதான் எழுதியிருக்கறேன். எதுக்குக் கேட்டாங்கன்னு என்னையக் கேட்டிருக்கலாமில்லீங்க."

நான் ஏன் கேட்கவில்லை? ஒரு போன் போட எவ்வளவு நேரம்? ராசிபுரம் என்ன அமெரிக்காவா? என்ன பண்ணிட்டேன் நான். அந்தம்மா கம்பெனிக்கு ஒரு போன் போட்டாப் போதும், நாளைக்கே வேலை போயிரும். அது போனாக்கூடப் போகட்டும். பொண்டாட்டிய மூணாவது மனுசிகிட்டப் பொய்காரியாக்கிட்டு, எதுக்க உக்காந்து தோசை தின்னிருக்கறேன்.

23.10.2024, புதன்

காலையில் எழுந்து பார்த்தால் அன்புச்செல்வி இல்லை. நோட்டையும் காணோம். "அம்மா நாமகிரிப்பேட்டைக்கு மொதல் பஸ்ல போயிருச்சு" என்றாள் நித்யஸ்ரீ, என் முகத்தைப் பார்க்காமல்.

ஆபீசுக்குப் போனேன். பத்து மணி வரைதான் உட்கார முடிந்தது. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

களத்தில் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். நடுவில் அன்புச்செல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மஞ்சளைக் கிளறிக்கொண்டிருந்தாள். சௌந்திரம் அம்மாள் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் நித்யஸ்ரீயின் நோட்டு திறந்து கிடந்தது.

என்னைப் பார்த்ததும் அன்புச்செல்வி எழுந்து நின்றாள். "இவருதானுங்கம்மா எங்க ஊட்டுக்காரரு. எழுதுனது நானு. கலந்தது இவரு."

அந்த அம்மாள் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் பதில் தயாராக இருந்தது.

"எல்லாத்துக்கும் வாசம் வேணும்னு நெனச்சுட்டீங்களாக்கும்" என்றார். "மஞ்சளுக்கு வாசந்தானுங்க வெலையே. அதுகூடத் தெரியாம எப்புடிங்க எங்குடோனுக்குள்ள வந்தீங்க?"

பதினோரு வருஷத்தில் எத்தனை பேருடைய முட்டாள்தனத்தை இந்த டைரியில் எழுதியிருப்பேன். வெயிலில் நின்ற எனக்குக் காது வரை சூடேறியது. வெட்கத்தால் என்று சொல்லிவிடுகிறேன், வேறு பெயர் கிடையாது.

அன்புச்செல்வி வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்துருண்டை டப்பாவில் வைத்தாலே தானாகச் சின்னதாகிக் காற்றில் போய்விடுகிறதல்லவா, அதனால் வெயிலும் காற்றும் நாலைந்து நாள் கிடைத்தால் மேல் மூட்டைகளில் வாசம் விடும், பழைய சாக்கையெல்லாம் கழித்துவிட வேண்டும், இது அவள் கணக்கு. கீழ் வரிசையைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தாள். கிழக்குச் சுவரோரம் ஓதத் தரையில் ஒட்டிக்கிடந்த ஆறு மூட்டை.

"இதுல எண்ணெயே எறங்கியிருக்குதுங்கம்மா. வெயில்ல வாசம் போனாலும் இது வாய்க்குள்ள போகக் கூடாதுங்க. விக்க வேண்டாமுங்க."

ஆறு மூட்டை. ஒரு விவசாயியிடம் சொல்கிறாள். அந்த அம்மாள் கல்லை விட்டு எழுந்தார். பிறகு வேலையாளைக் கூப்பிட்டுக் குழி வெட்டச் சொன்னார்.

ஆறு மூட்டைக்கும் நான் பொறுப்பு என்றேன். "அது பொறவு" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு மண்வெட்டியைக் காட்டினார்.

25.10.2024, வெள்ளி

மூன்று நாள் லீவு. நவநீதகிருஷ்ணன் இரண்டு முறை போன் செய்தான், எடுக்கவில்லை. காலை ஏழு மணிக்கு மஞ்சளைப் பரப்புவது, மணிக்கு ஒரு தரம் கிளறிவிடுவது, நாலு மணிக்குக் கூட்டுவது. மேற்கே கருக்கிறது. ஐப்பசி மாதத்தில் வெயிலை நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

27.10.2024, ஞாயிறு

மழை. பதினொன்றரைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. மூன்று பேரும் வேலையாட்களும் படுதாவை இழுத்துக்கொண்டு ஓடினோம். ஒரு மூலையை நான் பிடித்திருந்தேன், எதிர் மூலையை அன்புச்செல்வி. காற்று தூக்குகிறது. "உட்டராதீங்க! உட்டராதீங்க!" என்று கத்துகிறாள். நான் கல்லுக்குப் பதில் அதன் மேல் நானே உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம். மஞ்சள் நனையவில்லை.

சௌந்திரம் அம்மாள் எல்லாருக்கும் டீ வைத்துக் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. அந்த டீயைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

4.11.2024, திங்கள்

தீபாவளி நோம்பி முடிந்து ஆபீஸ் போனேன். இனிமேல் ஒளிக்க முடியாது என்று முடிவு செய்திருந்தேன். அந்த அம்மாள் இன்று வரை கம்பெனிக்குப் போன் செய்யவில்லை. அவர் செய்யாததாலேயே என்னால் இருக்க முடியவில்லை.

"அந்த டூப்ளிகேட் ஆள் நான்தான்" என்றேன்.

நவநீதகிருஷ்ணன் அதிர்ச்சியடையவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து என் ரிப்போர்ட்டுகளை எடுத்தான். மஞ்சள் மையில் வரி வரியாகக் கோடு போட்டிருந்தான். அனுபவசாலி. துல்லியமானவர். நம் பணியாளர்களைவிடத் திறமைசாலி.

"ஒரு திருட்டு ஆளைப் பத்தி இப்படிப் பாராட்டி எழுத உங்களால மட்டும்தான் அண்ணா முடியும். முதல் வாரமே தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் அனுப்பல?"

"உங்க ரூட்டுக்கு ஆள் ரெடியாகணும்ல. போன வாரம்தான் ஆனாரு."

என்னிடமே தொழில் கற்க அவன் அனுப்பிய ஆளுக்குத்தான் ஒரு மாதமாக என் ரூட்டைச் சொல்லிக் கொடுத்தேன். கரப்பானுக்குப் பயந்தவன் என்று இவனை மதிப்புப் போட்டு வைத்திருந்தேன். ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். வாங்கும்போது சிரித்தான். பி.எஃப். தடையில்லாமல் வந்துவிடும் என்றான். அதுவும் உண்மையாகவே இருக்கும்.

நான் சிரிப்பதாக நினைத்திருந்த நாள் இது.

12.11.2024, செவ்வாய்

ஏலம். முப்பத்திரண்டு மூட்டை. அதே வியாபாரி ஒவ்வொரு மூட்டையிலும் கையை முழங்கை வரை விட்டு அடியிலிருந்து எடுத்தான். ஒடித்தான், முகர்ந்தான். ஒன்பதாவது மூட்டையில் நின்று இன்னொரு தரம் முகர்ந்தான். அடுத்த மூட்டைக்குப் போனான்.

எடுத்துக்கொண்டார்கள், முப்பத்திரண்டும். அன்புச்செல்வி தூணில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அருகே போய் நின்றேன். "எம்மேலதான் தப்பு" என்றேன். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. திரும்பச் சொன்னேன்.

"விழுந்துச்சுங்க" என்றாள்.

3.1.2025, வெள்ளி

பி.எஃப். வந்தது. ஆறு மூட்டைக்கு உண்டானதை நாமகிரிப்பேட்டையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

11.3.2025, செவ்வாய்

லைசென்ஸ் வந்துவிட்டது. பயிற்சிக்குப் போய் அவள்தான் வாங்கியிருக்கிறாள். சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியாகிவிட்டது. அதில் என் பெயர் எங்கேயும் இல்லை. வேலைச் சீட்டில் கீழே, 'டெக்னீஷியன்' என்ற இடத்தில் இருக்கிறேன். எங்கள் கொண்டலாம்பட்டியில் யாராவது என்னை முதலாளி என்று கூப்பிடுவார்கள் என்று பார்த்தால், கேட்டில் வந்து நின்று "மேடம் இருக்காங்களா?" என்கிறார்கள்.

17.5.2025, சனி

வாசம் வராது என்று போனிலேயே சொல்லிவிடுகிறாள். பத்தில் நாலு பேர் அப்புறம் கூப்பிடுவதே இல்லை. முட்டாள்கள். இன்று ஒருத்தர், "பொம்பள வெச்ச மருந்து, அதான் சுருக்குனு இல்ல" என்றார். டேங்க்கைக் கழற்றி அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று இருந்தது. சிரித்துவிட்டு வந்தேன். அன்புச்செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள்.

6.8.2025, புதன்

சௌந்திரம் அம்மாள் நேற்றுக் கூப்பிட்டிருக்கிறார். இந்த வருஷ மஞ்சள் குடோனில் இருக்கிறது, வண்டு வருகிற காலம், அதற்கு முன் மருந்தடிக்க வேண்டுமாம்.

"நீ வா" என்றேன் அன்புச்செல்வியிடம்.

"உங்களைத்தான் வரச் சொன்னாங்க."

ஒண்டியாகப் போனேன். ஏழு மணிக்கெல்லாம் மூட்டைகளை வெளியே அடுக்கி, படுதா போட்டு மூடி, குடோன் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். டேங்க்கைத் திறந்து காட்டச் சொன்னார். குனிந்து முகர்ந்தார். பையைத் திறக்கச் சொன்னார். மருந்துப் புட்டியை எடுத்து, அதன் மேல் இருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார். அவசரமில்லை அவருக்கு.

அப்புறம், "கையைக் காட்டுங்க" என்றார்.

இரண்டு கையையும் நீட்டினேன். உள்ளங்கையை மேலே திருப்பிப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனார். வலது கை, பிறகு இடது கை. வேலையாட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சோப்புப் போட்டுத்தான் வந்திருந்தேன், இருந்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எந்த மேலாளர் முன்னாலும் நான் இப்படி நின்றதில்லை. அவர் 'வேண்டாம், திரும்பிப் போங்க' என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

கையை விட்டார். "போங்க சாமி" என்று சொல்லிவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

உள்ளே போய் கிழக்குச் சுவரிலிருந்து ஆரம்பித்தேன். முடிய மதியம் மூன்று மணி ஆயிற்று.